விண்டோஸ் 11இல் சிம்சிட்டி 4: குறுந்தகடு இருந்தும் ஆட்டம் திறக்க மறுக்கிறது

அங்மோகியோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டைப் புதுப்பிப்பதற்காக அலமாரிகளைக் காலி செய்தபோது, 2004ஆம் ஆண்டில் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய, நகரம் கட்டும் கணினி ஆட்டமான சிம்சிட்டி 4இன் டீலக்ஸ் பெட்டி கிடைத்தது. கையேடும் பதிவு எண்ணும் சிதையாமல் இருக்கின்றன. தகடுகளிலும் கீறல் இல்லை. என் மடிக்கணினியில் தகட்டைச் செருக இடமில்லாததால், யூஎஸ்பி வழியாக இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, விண்டோஸ் 11இல் ஆட்டத்தை நிறுவினேன்.

நிறுவும் பணி எந்தத் தடையும் இன்றி முடிந்துவிடுகிறது. ஆனால் ஆட்டத்தின் சின்னத்தைச் சொடுக்கினால் சுட்டியின் வட்டம் ஒரு கணம் சுழன்று அடங்குகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. பிழைச் செய்திகூட வருவதில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஆட்டத்தின் பெயர் பட்டியலில் தலைகாட்டி உடனே மறைகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான இணக்க முறையில் இயக்குவது, நிர்வாகி உரிமையுடன் இயக்குவது என்று வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. இணையத்தில் ஒரு தளம் "தகடு தேவைப்படாத" இயக்கக் கோப்பு ஒன்றைத் தந்தது. இறக்கிய மறுகணமே நச்சுநிரல் தடுப்பான் அதைப் பூட்டி வைத்துவிட்டது. அந்த வழியில் மேலும் செல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்தத் தகட்டை இன்றைய விண்டோஸில் நேர்மையான முறையில் இயக்க வழி உண்டா? இல்லையென்றால், இணையத்தில் விற்கும் பதிப்பைப் புதிதாக வாங்குவது பயன் தருமா? ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு என் நோக்கம், நம் சிங்கப்பூரைப் போன்ற ஒரு நகரத்தைக் கட்டுவது: வண்டிகள் இடப்பக்கம் ஓட வேண்டும், சாலைக்கு மேலே பாலத்தில் ரயில் செல்ல வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் வரிசையாக நிற்க வேண்டும். அதற்கு எந்தெந்த மோடுகளை (ஆட்டத்தை மாற்ற ஆர்வலர்கள் எழுதும் துணைக்கோப்புகளை) எந்த வரிசையில் சேர்ப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழங்கணினி எழுதியது:

உங்கள் தகட்டிலும் பழுதில்லை, டிரைவிலும் பழுதில்லை; ஆட்டமும் விண்டோஸ் 11இல் ஓடக்கூடியதுதான். தடுப்பது ஆட்டத்தின்மேல் போடப்பட்டிருக்கும் பூட்டு. சிம்சிட்டி 4 2003ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அந்தக் காலத்துப் பல ஆட்டங்களைப் போலவே இதன் தகட்டிலும் மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு முறை இருந்தது. தகடு அசலா நகலா என்று சோதிப்பதற்காக, செக்டிரைவ் எனப்படும் ஒரு டிரைவர் கோப்பை அது விண்டோஸின் மையப் பகுதியில், இயங்குதளத்தின் முழு அதிகாரத்துடன் இயங்க வைத்தது. ஓர் ஆட்டத்தின் தகட்டைச் சரிபார்ப்பதற்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

விளைவு பிறகு தெரிந்தது. அந்த டிரைவரில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து நிர்வாகி உரிமையைக் கைப்பற்ற முடியும் என்பது வெளிப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் 2007 டிசம்பரில் அதற்கென ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை அடியோடு விட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. ஆகவே உங்கள் கணினியில் ஆட்டம் எழுந்ததும் தன் பூட்டின் சாவியைத் தேடுகிறது, அது கிடைக்காததால் ஒரு சொல்லும் சொல்லாமல் அடங்கிவிடுகிறது. இணக்க முறையை எத்தனை விதமாக மாற்றினாலும் இல்லாத டிரைவர் வந்துவிடாது. அந்தப் பழைய டிரைவரை எங்கிருந்தாவது கொண்டுவந்து கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று எழுதும் பக்கங்களைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். ஓர் ஆட்டத்துக்காக, மூடிய ஓட்டையை நாமே திறந்துவிடுவதாகும் அது.

என் யோசனை, பெட்டியை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு ஜிஓஜி அல்லது ஸ்டீம் இணையக் கடையில் டீலக்ஸ் பதிப்பை வாங்கிவிடுங்கள் என்பதே. தள்ளுபடிக் காலங்களில் இது மிக மலிவாகக் கிடைக்கும். இரண்டில் ஜிஓஜி பதிப்பில் எந்தப் பூட்டும் இல்லை. நிறுவும் கோப்பை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு கடையின் தயவே தேவையில்லை. பணத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இணையக் கடைகளில் கிடைப்பது 1.1.641 என்னும் பதிப்பு. தகட்டுப் பதிப்பை எல்லாத் திருத்தங்களும் போட்டாலும் 1.1.640 வரைதான் உயர்த்த முடியும். அந்தக் கடைசி ஓர் எண் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அண்மைய ஆண்டுகளில் ஆர்வலர்கள் எழுதியிருக்கும், ஆட்டத்தின் நிரலோடு நேரடியாக இணைந்து இயங்கும் டிஎல்எல் வகை மோடுகளில் பெரும்பாலானவை 641இல் மட்டுமே இயங்கும்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை மறுபடி வாங்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினி ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் தகட்டை ஓட்டலாமே? மேலும், சேஃப்டிஸ்க்‌ஷிம் என்றொரு சிறு கருவி இருக்கிறது. பழைய டிரைவரை ஏற்றாமலேயே, ஆட்டம் அதனிடம் கேட்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்லிவிடுகிறது. அசல் தகடு டிரைவில் இருந்தாக வேண்டும் என்பதால் இது பூட்டை உடைப்பதாகவும் ஆகாது.

பழங்கணினி எழுதியது:

சேஃப்டிஸ்க்‌ஷிம் பற்றி நினைவூட்டியது நல்லது. மோடுகள் எதுவும் வேண்டாம், 2004இல் ஆடியபடியே ஆடினால் போதும் என்பவருக்கு அதுவே தகுந்த வழி. கேள்வி கேட்டவருக்கோ நகரத்தில் பாதியை மோடுகள்தாம் கட்டித்தர வேண்டியிருக்கிறது. 640இல் நின்றுவிட்டால் நாளைக்கே வேறொரு சுவரில் முட்டிக்கொள்வார்.

மெய்நிகர் எக்ஸ்பி யோசனையை நான் ஏற்கவில்லை. சிம்சிட்டி 4 டைரக்ட்எக்ஸ் 7ஐ நம்பி எழுதப்பட்டது. மெய்நிகர் கணினிக்குள் முப்பரிமாணப் படங்களை வரையும் வேகம் பெரும்பாலும் போதாது. சிறிய நகரம் வரை தாக்குப்பிடிக்கும். மக்கள்தொகை ஏற ஏற, வரைபடத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் திரை விக்கும். தகட்டுப் பூட்டும் மெய்நிகர் டிரைவைக் கண்டு முரண்டு பிடிக்கலாம். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டதால், மோடுகளை இறக்குவதற்காக அதை இணையத்தில் இணைப்பதும் முறையல்ல.

அங்மோகியோவாசி எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஜிஓஜியில் வாங்கி நிறுவிவிட்டேன். ஆட்டம் திறக்கிறது, நகரமும் கட்ட முடிகிறது. ஆயினும் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. திரையின் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன, படமும் மங்கலாகத் தெரிகிறது. வேறொரு செயலிக்குப் போய்த் திரும்பினால் திரை முழுவதும் கறுத்துவிடுகிறது. சிறிது நேரம் ஆடிய பிறகு, சாலை போடும்போதோ சேமிக்கும்போதோ ஆட்டம் தானாக மூடிக்கொள்கிறது. இவை தவிர, மோடுகளை இடும் பிளகின்ஸ் கோப்புறை ஆவணங்கள் கோப்புறைக்குள் இருக்கும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த இடத்தில் அது இல்லை.

இரவுப்பறவை எழுதியது:

கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றைச் செய்தால் பின்னர் குழப்பம் மிகும். விண்டோஸ் 11 பல கணினிகளில் ஆவணங்கள் கோப்புறையை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் மாற்றிவிடுகிறது. ஆட்டம் அதைப் பின்தொடர்ந்து தன் கோப்புறையை அங்கேயே உருவாக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்த்தது பழைய இடம். ஒன்டிரைவுக்குள் போய்ப் பாருங்கள், சிம்சிட்டி 4 என்னும் பெயரில் ஒரு கோப்புறையும் அதற்குள் நகரங்கள் சேமிக்கப்படும் ரீஜன்ஸ், மோடுகளுக்கான பிளகின்ஸ் என்னும் இரண்டும் இருக்கும். அவை அங்கேயே இருப்பது நல்லதல்ல. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட மோடுகளை ஒன்டிரைவ் ஓயாமல் மேலேற்றிக்கொண்டிருக்கும். நகரத்தைச் சேமிக்கும் அதே நொடியில் அந்தக் கோப்பை அதுவும் பிடித்துக்கொண்டால் சேமிப்பு கெடும்.

இதற்கு ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. குறுக்குவழிச் சின்னத்தின் பண்புகளைத் திறந்தால், இலக்கு என்ற பெட்டியில் இயக்கக் கோப்பின் முகவரி மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். இறுதி மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு, அதை ஒட்டி "யூசர்டிர்" என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, அதன்பின் நீங்கள் விரும்பும் கோப்புறையின் முகவரி என்று எழுதுங்கள். முகவரி பின்சாய்வுக் கோட்டில் முடிய வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு ஆட்டம் கோப்புறையைப் பொருட்படுத்தவில்லை என்று எழுதுகிறார்கள். நான் ஆட்டத்தையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைப்பதில்லை. விண்டோஸ் அந்த இடத்தைக் கூடுதல் காவலுடன் வைத்திருப்பதால், டிரைவின் வேரிலேயே ஒரு கோப்புறை உருவாக்கி அதில் நிறுவிவிடுகிறேன்.

தானாக மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே உள்ளகம் கொண்ட செயலிகளின் காலத்தில் எழுதப்பட்ட ஆட்டம் இன்றைய பல உள்ளகங்களுக்கு இடையில் தூக்கியெறியப்படுவது. மேற்சொன்ன அதே பெட்டியில், மீண்டும் ஓர் இடைவெளியும் சிறுகோடும் இட்டு, "சிபியூ" "கவுன்ட்" என்னும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டி எழுதி, முக்காற்புள்ளியும் 1 என்ற எண்ணும் சேர்த்தால், ஆட்டம் ஒரே உள்ளகத்தில் கட்டுண்டு ஓடும். வேகம் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம்; இரண்டாவது உள்ளகத்தைப் பயன்படுத்த இந்த ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

திரையைப் பொறுத்தவரை, ஆட்டத்தில் அந்நாளைய கிராஃபிக்ஸ் அட்டைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாத அட்டையைக் கண்டால் அது சந்தேகப்பட்டுத் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் அட்டை அந்தப் பட்டியலுக்கு எத்தனையோ ஆண்டுகள் பிற்பட்டது. இதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்று, டிஜிவூடூ 2 என்னும் கருவி. பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை டைரக்ட்எக்ஸ் 11 அல்லது 12 மொழிக்கு மாற்றித் தருகிறது. அதன் தொகுப்பில் எம்எஸ் என்ற கோப்புறைக்குள் எக்ஸ்86 என்று ஒரு பிரிவு இருக்கும். அங்குள்ள டிடிரா, டி3டிஇம் என்னும் இரண்டு டிஎல்எல் கோப்புகளையும், தொகுப்பின் அமைப்புக் கோப்பையும், ஆட்டத்தின் ஆப்ஸ் கோப்புறையில், இயக்கக் கோப்புக்கு அருகிலேயே வையுங்கள். 64 பிட் கணினி என்பதற்காக 64 பிட் கோப்புகளை எடுத்துவிடாதீர்கள். ஆட்டம் 32 பிட்தான். திரையின் மூலையில் தோன்றும் அதன் முத்திரையை அதன் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே அணைத்துவிடலாம்.

மற்றொன்று எஸ்சி4 கிராஃபிக்ஸ் ஆப்ஷன்ஸ் என்னும் டிஎல்எல் மோட். இதனுடன் வரும் அமைப்புக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து, 1920, 1080 என்று உங்கள் திரையின் அளவை எழுதி, விளிம்பில்லாத முழுத்திரை முறையைத் தேர்ந்தெடுத்தால், கறுப்புப் பட்டைகளும் போய்விடும், வேறு செயலிக்குப் போய்வரும்போது திரை இருள்வதும் நின்றுவிடும். இந்த வகை மோடுகள் இயங்க மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 2022இன் எக்ஸ்86 தொகுப்பு கணினியில் இருக்க வேண்டும். 4கே திரையில் அதன் முழு அளவையும் கொடுக்கலாம். ஆனால் பொத்தான்களும் எழுத்தும் எறும்பளவு ஆகிவிடும். 1920க்கு மேல் நான் போவதில்லை.

தெம்பனிஸ்தேனீ எழுதியது:

ஆட்டம் மோடுகள் ஏதுமின்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் தடையின்றி ஓடிய பிறகே மோடுகளைத் தொடுங்கள் என்பதை முதலில் வலியுறுத்துகிறேன். மோடு போட்ட பிறகு வரும் பழுது ஆட்டத்தினுடையதா மோடினுடையதா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. பலர் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கோப்புகளை இறக்கிக் கொட்டிவிட்டு, மறுநாள் "ஆட்டம் திறக்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதுகிறார்கள். அவர்களுக்கு யாராலும் உதவ முடிவதில்லை.

அடுத்து, நான்கு ஜிபி திருத்தம். 32 பிட் செயலி இயல்பாக 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொட முடியாது. இயக்கக் கோப்பில் ஒரு சிறு கொடியை ஏற்றிவைத்தால், 64 பிட் விண்டோஸ் அதற்கு 4 ஜிபி வரை விட்டுக்கொடுக்கும். என்டிகோர் தளம் தரும் இலவசக் கருவி அந்தக் கொடியை ஏற்றுகிறது. ஏற்கெனவே ஏறியிருந்தாலும் மறுபடி செய்வதால் கெடுதல் இல்லை. அதற்கு முன் இயக்கக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட ரயிலும் சாலையும். இவற்றுக்கெல்லாம் தாய்மோட், நெட்வொர்க் ஆடான் மோட், சுருக்கமாக என்ஏஎம். 2004ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது, ரஷ் அவர் என்னும் விரிவாக்கத் தொகுப்பும் சேர்ந்த டீலக்ஸ் பதிப்பு இருந்தால்தான் வேலை செய்யும். உங்களிடம் இருப்பது அதுவே. பலர் இதைப் புதிய சாலை வடிவங்களின் தொகுப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய உதவி, இது போக்குவரத்துக் கணிப்பு முறையையே மாற்றியமைப்பதுதான். அசல் ஆட்டத்தில் மக்கள் வேலைக்குப் போக வழி தேடும் விதம் அரைகுறையானது: அருகில் காலியான விரைவுச்சாலை இருந்தும் நெரிசலான தெருவிலேயே வரிசையாக நிற்பார்கள், ரயில் நிலையத்தைக் கட்டி வைத்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். என்ஏஎம் போட்ட பிறகு அதே நகரத்தில் நிலையங்கள் நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். நிறுவும்போது சாலைகளின் கொள்ளளவை எந்த மட்டத்தில் வைப்பது என்று கேட்கும். நடுத்தர மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்ச மட்டத்தில் நெரிசல் என்பதே இல்லாமல் போய்விடும், பிறகு ரயில் கட்டுவதற்கான காரணமும் போய்விடும்.

இடப்பக்க ஓட்டத்தைப் பொறுத்தவரை, எந்தப் பக்கம் வண்டி ஓட வேண்டும் என்பதை இந்த ஆட்டம் நிறுவப்பட்ட மொழியை வைத்துத் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் இடப்பக்கம், அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் வலப்பக்கம். ஆட்டத்தில் அதைச் சரியாக அமைத்துக்கொண்டு, என்ஏஎம் நிறுவியிலும் இடப்பக்கம் என்றே குறிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஆட்டத்தின் சொந்தச் சாலைகளில் ஒரு பக்கமும், என்ஏஎம் சந்திப்புகளில் மறுபக்கமும் வண்டிகள் ஓடி, விரைவுச்சாலை இறங்குதடங்கள் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆகவே முதல் சாலையைப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சாலைக்கு மேலே ரயில் என்பது என்ஏஎம்மில் மிக நன்றாகச் செய்யப்பட்டிருக்கும் பகுதிகளில் ஒன்று. அசல் ஆட்டத்தில் உயர்த்தப்பட்ட ரயில்பாதைக்குத் தனி நிலம் ஒதுக்க வேண்டும். என்ஏஎம்மில் சாலையின் நடுவிலேயே தூண்கள் நின்று பாதையைத் தாங்கும். புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் பாதையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதே. இதற்கான துண்டுகளைச் சுட்டியில் எடுத்துக்கொண்டு டேப் விசையை அழுத்தினால் அடுத்தடுத்த வடிவங்கள் மாறிமாறி வரும். ஹோம், எண்ட் விசைகளால் திருப்பலாம். நேர்ப்பாதை, வளைவு, தரைக்கு இறங்கும் சரிவு என்று கையில் எது இருக்கிறது என்பதைக் கவனித்து வைக்க வேண்டும். இத்தகைய துண்டுகளின்மேல் சுட்டியை நகர்த்தும்போது அசல் ஆட்டம் சில வேளைகளில் முறிந்துவிடும் என்பதால், எஸ்சி4ஃபிக்ஸ் என்னும் டிஎல்எல்லையும் கூடவே போட்டுவிடுங்கள். எந்த டிஎல்எல் மோடும் பிளகின்ஸ் கோப்புறையின் நேரடி மட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கோப்புறை உருவாக்கி அழகாக அடுக்கினால் ஆட்டம் அதைப் பார்க்காது.

மற்ற மோடுகளை உட்கோப்புறைகளில் அடுக்கலாம், அடுக்கவும் வேண்டும். ஆட்டம் அவற்றை ஆங்கில அகரவரிசைப்படி படிக்கிறது. ஒரே பொருளை இரண்டு மோடுகள் மாற்றினால் பிந்திப் படிக்கப்பட்டதே வெல்லும். என்ஏஎம் தன் கோப்புறைக்கு இசட் என்ற எழுத்தில் தொடங்கும் பெயரை வைத்துக்கொள்வது அதனால்தான். அழகுக்காக அந்தப் பெயரை மாற்றிவிடாதீர்கள்.

கட்டடங்களுக்குச் சிம்ட்ராபோலிஸ் தளத்தின் எஸ்டிஇஎக்ஸ் பரிமாற்றகம்தான் பெருங்கிடங்கு. நீண்ட அடுக்குமாடி வீடுகளைத் தேடினால் ஹாங்காங், கிழக்கு ஐரோப்பா, ஜப்பான் பாணியில் ஏராளமாகக் கிடைக்கும். நம் புளோக்குகளுக்கு நெருக்கமானவற்றை அவற்றிலிருந்து பொறுக்கலாம். கீழ்த்தளம் திறந்திருப்பதும், பொது நடைவழி முன்பக்கம் ஓடுவதும் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்; அந்த இரண்டும் இருந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தேர்தலுக்குத் தேர்தல் நாமும் சாயம் மாற்றித்தானே வருகிறோம்.

அங்மோகியோவாசி எழுதியது:

இரவுப்பறவை சொன்னபடி செய்ததும் நான் சொன்ன தொல்லைகள் மூன்றும் தீர்ந்தன. தெம்பனிஸ்தேனீ சொன்னபடி என்ஏஎம்மும் ஏறிவிட்டது, வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் இறக்கிய அடுக்குமாடிகளில் சில, கட்டடமாகத் தோன்றாமல் பழுப்பு நிறப் பெட்டிகளாக நிற்கின்றன. ஒன்றை அழிக்காமல் அதன் கோப்பை மட்டும் நீக்கிப் பார்க்கலாமா? மேலும், சிங்கப்பூர்த் தீவின் வடிவத்திலேயே நிலப்பரப்பை அமைப்பது நடக்கக்கூடிய காரியமா?

தெம்பனிஸ்தேனீ எழுதியது:

பழுப்புப் பெட்டி என்பது, அந்தக் கட்டடத்தின் உருவக் கோப்பு உங்களிடம் இல்லை என்பதன் அடையாளம். ஒரு மோட் மனையை மட்டும் தரும். அதன்மேல் நிற்கும் கட்டடம், மரம், விளக்குக்கம்பம் முதலியவை வேறு தொகுப்புகளில் இருக்கும். இறக்கும் பக்கத்திலேயே தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியல் இருக்கும். அந்தத் தொகுப்புகளுக்கும் வேறு தேவைகள் இருக்கக்கூடும். இந்தச் சங்கிலியைக் கையால் பின்தொடர்வது அலுப்பூட்டும் வேலை. எனவே எஸ்சி4பேக் என்னும் தொகுப்பு மேலாளரைப் பயன்படுத்துங்கள். வேண்டிய மோடின் பெயரைச் சொன்னால், அதற்குத் தேவையானவை அனைத்தையும் அதுவே தேடி இறக்கி, எண்ணிட்ட கோப்புறைகளில் அடுக்கிவிடும். அது ஜாவாவை நம்பி இயங்குவது. அதையும் நிறுவியாக வேண்டும். பரிமாற்றகத்தில் உறுப்பினராக நுழையாமல் இறக்கினால் நாளொன்றுக்கு ஒரு வரம்பு உண்டு, அது பாதியில் நின்றால் பதற வேண்டாம்.

நகரத்தில் ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தின் கோப்பை மட்டும் நீக்கவே கூடாது. ஆட்டத்துக்குள் புல்டோசரால் அதை இடித்து, நகரத்தைச் சேமித்து, வெளியே வந்த பிறகே கோப்பைத் தொட வேண்டும். ரீஜன்ஸ் கோப்புறையையும் அடிக்கடி வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மோட் குழப்பம் செய்கிறது என்று தெரியாதபோது, பிளகின்ஸில் பாதியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான ஒரு சோதனை நகரத்தைத் திறந்து பாருங்கள். பழுது தொடர்ந்தால் எஞ்சியதில் மறுபடி பாதி, நின்றுவிட்டால் எடுத்ததில் பாதி. சில சுற்றுகளில் குற்றவாளி தனித்து நிற்கும்.

இரவுப்பறவை எழுதியது:

தீவு வடிவத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஆட்டத்தில் ஒரு கட்டம் 16 மீட்டர். பெரிய நகரச் சதுரம் பக்கத்துக்கு 256 கட்டங்கள் கொண்டது, அதாவது ஏறத்தாழ 4.1 கிலோமீட்டர். தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டரும் வடக்கு தெற்காகச் சுமார் 27 கிலோமீட்டரும் இருப்பதால், குறுக்கே 13, நெடுக்கே 7 என 91 பெரிய சதுரங்கள் தேவைப்படும். நகரச் சதுரங்களின் அடுக்கைக் காட்டும் வட்டார அமைப்புப் படத்தில் ஒரு சிறிய நகரச் சதுரத்துக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. பெரிய சதுரம் நான்குக்கு நான்கு புள்ளி, நிறம் தூய நீலம். ஆகவே படம் 52க்கு 28 புள்ளிகள். நிலத்தின் உயரத்தைச் சாம்பல் நிறப்படிகளில் காட்டும் உயரப்படம் அதை 64ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டிய அளவு: 3329க்கு 1793. வட்டாரக் காட்சியில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகிய மூன்றுடன் ஆர் விசையை அழுத்தினால் உயரப்படத்தை ஏற்றும் சாளரம் திறக்கும்.

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. சாதாரண 8 பிட் சாம்பல் படத்தில் ஒவ்வொரு நிறப்படிக்கும் 3 மீட்டர். கடல்மட்டம் 250 மீட்டரில் இருப்பதால், 83ஆம் படி நீருக்கு ஒரு மீட்டர் கீழே, 84 நீருக்கு 2 மீட்டர் மேலே, 85 வந்தால் 5 மீட்டர் மேலே. 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றுக்கு இது பாதகமில்லை, 138ஆம் படியில் அழகாக அமர்ந்துவிடும். ஆனால் கடலோரத்துத் தாழ்நிலமும் நிலமீட்புப் பகுதிகளும் இரண்டு மூன்று படிகளுக்குள் நசுங்கி, சாலை போடும் இடமெல்லாம் படிக்கட்டாகிவிடும். எஸ்சி4மேப்பர் என்னும் கருவி 16 பிட் படத்தை ஏற்கும். உயரப்படத்தை அந்த வடிவில் தயாரித்து அதன் வழியாக ஏற்றினால் நிலம் வழுவழுப்பாக வரும்.

ஆனாலும் முழுத் தீவையும் இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள். தோ பாயோவின் லோரோங்குகள் அனைத்தும் ஒரே பெரிய சதுரத்துக்குள் அடங்கிவிடும்; அதை மட்டும் வெட்டி எடுத்து, நான்குக்கு நான்கு புள்ளி நீலத்தில் ஒரு தனி வட்டாரமாக அமைத்து, வீடுகளும் ரயிலும் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மோடுகளின் பட்டியல் இறுதியான பிறகு மற்ற 90ஐ ஏற்றுங்கள்.